மத்தியான மாத்திரை

பகல் மணி ஒன்றே முக்கால். அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில் பஸ் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. கூட இறங்கியவர் யாரும் இல்லை. இடது பக்கம் ஒரு கிளைச் சாலை... சாலை என்று சொல்வதே அதிகம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் வெளுத்துப்போன தடம். ஒரு பக்கம் அறுத்துப் போட்ட மக்காச்சோளத் தட்டை. இன்னொரு பக்கம் கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். சித்திரை வெயில். அவள் நிழல் அவள் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. நடக்கிறாள்... நடக்கிறாள்...

பகலில் என்ன பேய் என்று அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உச்சிப்பொழுதில் ஒற்றையாகப் போகாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? விடிந்தால் கல்யாணம், மண்டபத்தில் கரண்ட் இல்லை, எப்படியும் யாரும் தூங்கப் போவதில்லை. அந்த மெழுகுவத்தியை இந்தப் பக்கம் நகர்த்திவிட்டு ஜமுக்காளத்தில் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எனக்கு நடந்ததில்லை. என் ஓரகத்தியின் அக்கா விண்ணரசிக்கு நடந்தது.

விண்ணரசிக்குப் பிறந்த ஊர் வரதராசன்பேட்டை. ஒரு வருஷ நர்சிங் படிப்பு, திருச்சியில் ஆறு வருஷம் தனியார் ஆஸ்பத்திரி வேலை. புருஷன் போன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு அரியலூருக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். அன்றைக்கு அவள் போனது ஒரு முதியோர் இல்லத்துக்கு, வேலை கேட்டு. இல்லத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது வேறு ஆட்கள் நடத்துகிறார்கள்.

இரும்புக் கேட்டில் பூட்டு. கையைத் தட்டினாள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி சாவிக்கொத்தோடு வந்து, உதட்டில் விரலை வைத்துச் சத்தம் போடாதே என்று காட்டினாள். அதுதான் லீலாவதி. இல்லத்தின் பொறுப்பாளர்.

விண்ணரசி உள்ளே கால் வைத்தாள். நீளமான கூடம். நடுவில் இடுப்புயரச் சுவர். இந்தப் பக்கம் பதினொரு கட்டில் ஆண்கள், அந்தப் பக்கம் பதினொரு கட்டில் பெண்கள். இருபத்திரண்டு பேரும் மல்லாந்து கிடந்தார்கள். இருபத்திரண்டு வாயும் திறந்திருந்தன. பினாயில் வாடை, மூத்திர வாடை, அதற்கு மேல் எலுமிச்சை ஊறுகாய் வாடை. மின்விசிறி மட்டும் கிரீச்... கிரீச்... வயசானவர்கள் இருபத்திரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஓர் இருமலாவது கேட்க வேண்டாமா? ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவு பார்த்தவள் அவள். முதல் கட்டிலில் கிடந்தவரின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மெல்ல, வெகு மெல்ல, மூச்சு வந்தது.

"பயந்துட்டியா?" என்றாள் லீலாவதி. "பன்னெண்டரைக்குச் சோறு, ஒரு மணிக்கு மாத்திரை. நாலு மணி வரைக்கும் வூடு நிம்மதியா இருக்கும்."

மறுநாளே விண்ணரசி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. மத்தியான மாத்திரையைக் கொடுப்பது அவள் பொறுப்பு. சின்ன வெள்ளை மாத்திரை, தூக்கத்துக்கானது. இரவு எட்டு மணிக்கு இன்னொன்று. ஆபீஸ் அறைச் சுவரில் ஒரு டாக்டர் சீட்டை பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டித்தான் எல்லோருக்கும் மாத்திரை வாங்கினார்கள். விண்ணரசி கிட்டே போய்ப் படித்தாள். ஒரே ஒருவருக்கு, பத்து நாளைக்கு எழுதிய சீட்டு. எழுதி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பெயருக்குரியவர் இல்லத்தில் இல்லை. எப்போதோ இறந்துவிட்டாராம்.

இது சரியா என்று கேட்டாள். கேட்காமல் இல்லை. லீலாவதி கோபப்படவில்லை. முன்பு ஓர் அம்மா ஒரு மத்தியானம் கேட்டைத் தாண்டிப் போய்விட்டதாகச் சொன்னாள்.

"மூணாம் நாளு அந்தப் பள்ளத்துல மெதந்துச்சு. நான்தான் போயி அடையாளம் காட்டுனேன். அதுங்க இருபத்திரண்டு பேரு, நாம ரெண்டே பேரு. எத்தன பேரு பின்னாடி ஓடுவ? அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல விண்ணரசி. அதுங்களாவது தூங்கட்டும்."

அதற்குப் பிறகு விண்ணரசி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் நூறு தடவை சொல்லி அழுதாள். அப்போது கேட்கவில்லை.

அவள் சேர்ந்த இரண்டாம் மாதம் ஜன்னலோரத்துப் பாட்டி ஒன்று செத்துப்போக, காலியான அந்தக் கட்டிலுக்கு மருதாயி வந்தது. வாலிகண்டபுரத்துக்காரம்மா. காலமெல்லாம் கரும்புக்காட்டில் களைவெட்டிய உடம்பு. எழுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்து நடக்கும். மகன் கலைச்செல்வன் சிங்கப்பூரில் எலக்ட்ரீஷியன். அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்ததால் இங்கே கொண்டுவந்து விட்டுப் போனான். கிளம்பும்போது விண்ணரசியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டான்.

மருதாயிக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கும். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கதவத் தொறங்க, ஆட்ட ஓட்டியாரணும்" என்று கூப்பிடும். அடம் கிடையாது, அழுகை கிடையாது. ஆனால் விடாமல் கூப்பிடும். மாத்திரையைக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, ஆள் நகர்ந்ததும் துப்பிவிடும். ஜன்னலுக்கு வெளியே எறும்புகள் கூட அந்த மாத்திரைகளைத் தொடுவதில்லையாம்.

விண்ணரசிக்கு அந்தம்மாவைப் பிடித்துப் போயிற்று. தினம் காலையில் தலை வாரிவிடுவாள். ஒருநாள் விளையாட்டாக ரெட்டைச் சடை பின்னி, மகளுடைய பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டிவிட்டாள், சிவப்பு ரிப்பன். மருதாயி கண்ணாடியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதற்குப் பிறகு ரெட்டைச் சடைதான் வேண்டும் என்று தலையைக் காட்டிக்கொண்டு உட்காரும்.

மூன்றாவது வாரம் லீலாவதி சொன்னாள். மருதாயி கூப்பிடுகிற சத்தத்தில் மற்றவர்களும் முழித்துக்கொள்கிறார்கள். இனி அதற்கு இரண்டு மாத்திரை, பொடி பண்ணி டீயில் கலக்கிக் கொடு.

விண்ணரசி பொடி பண்ணினாள். டம்ளர் அடியால் நசுக்கி, டீயில் கொட்டி, கரண்டியால் கலக்கி எடுத்துப் போனாள். மருதாயி ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

"கசக்குது" என்றது. பிறகு, "நீ குடுக்குற, குடிக்கிறேன்" என்று முழுவதையும் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தது.

அப்படி முப்பத்தோரு நாள். நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பு வீங்கியது. வலியில் கத்தக்கூடாதென்று இன்னும் ஒரு மாத்திரை. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு விண்ணரசி போர்வையைச் சரிசெய்யப் போனாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

வயது மூப்பு என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். கலைச்செல்வன் விமானம் பிடித்து வந்து, அம்மாவை ஊருக்கு எடுத்துக்கொண்டு போனான். வண்டி கிளம்பும்போது விண்ணரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா பாத்துக்கிட்டீங்க அக்கா, என்றான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இது பேய்க்கதை இல்லை.

முதலில் நாக்கில்தான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அவள் வீட்டில் போட்ட டீ கசந்தது. பால் கெட்டுவிட்டதோ என்று மகளிடம் கொடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தானே இருக்கிறது என்றது பிள்ளை. பிறகு சோறு கசந்தது. தண்ணீர் கசந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்கினாள்... அதுவும் கசந்தது. பீடத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எட்டாவது நாள். பகல் இரண்டு இருக்கும். லீலாவதி டவுனுக்குப் போயிருந்தாள். இருபத்தோரு பேரும் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விண்ணரசி மட்டும் நாற்காலியில். கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி... நின்றன.

அப்போது கேட்டது.

கிளிங்... கிளிங்... கிளிங்...

டம்ளருக்குள் யாரோ கரண்டியால் கலக்குகிற சத்தம். அவசரமில்லாமல், நிதானமாக. சமையல்கட்டிலிருந்து. சமையல்காரம்மா பன்னிரண்டரைக்கே வீட்டுக்குப் போய்விடும். விண்ணரசி எழுந்து போனாள். சமையல்கட்டு வாசலில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. டம்ளர்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அடுப்பு ஆறிக் கிடந்தது. ஆனால் கொதிக்கிற டீயின் வாடை மட்டும் மூக்கில் அடித்தது.

திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். ஏதோ மாறியிருந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு பார்த்தாள்... திறந்திருந்த வாய்கள் எல்லாம் இப்போது மூடியிருந்தன. மூடின உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எதையோ சப்புகிற மாதிரி. கண்கள் மூடியேதான் இருந்தன.

கடைசிக் கட்டிலில் பூமாலை. பக்கவாதம் வந்து படுத்தவர். இரண்டு வருஷமாகக் காலை ஊன்றியதில்லை, ஒரு சொல் பேசியதில்லை. அவர்தான் முதலில் சொன்னார்.

"கசக்குது."

அடுத்த கட்டில். "கசக்குது." அதற்கடுத்த கட்டில். ஒன்று முடிந்து ஒன்று. குரல் உயரவில்லை, தாழவில்லை. தடுப்புச் சுவரைத் தாண்டிப் பெண்கள் பக்கம் போயிற்று. "கசக்குது... கசக்குது..." இருபத்தோரு பேரும் சொல்லி முடித்தார்கள். அந்தப் பக்கம் ஜன்னலோரம் மருதாயியின் கட்டில் காலியாகக் கிடந்தது. அந்தக் குரல் அதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. வாய்கள் பழையபடி திறந்தன.

விண்ணரசி லீலாவதியிடம் சொன்னாள். வெயிலுக்குப் பித்தம் ஏறியிருக்கும் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு போட்டுக் கொடுத்தாள் லீலாவதி. அதையும் அவளால் குடிக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கலைச்செல்வனிடமிருந்து போன் வந்தது. குரல் அடங்கியிருந்தது.

"அக்கா, ஒன்னு கேக்கணும். தப்பா நெனச்சுக்காதீங்க. சுடுகாட்டுல வாய்க்கரிசி போடுறப்ப அம்மா வாயி தொறந்துக்கிச்சு. உள்ளார மாத்திரைங்க. நாக்குக்கு அடியில, ரெண்டு கன்னத்துலயும்... வெள்ளை வெள்ளையா, முழுசு முழுசா. ஒரு கைப்பிடி இருக்கும். அது என்னா மாத்திரைக்கா?"

கடைசி முப்பத்தோரு நாளும் ஒன்றுகூட முழுசாகக் கொடுக்கவில்லையே. அத்தனையையும் அவள் கையால் பொடி பண்ணியல்லவா கொடுத்தாள். கரைந்து வயிற்றுக்குள் போனது எப்படி வாய்க்கு வரும்?

அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு முன்பே ஆபீஸ் சுவரிலிருந்த சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு மாத்திரை அட்டையும் பையில் கிடந்தது. பெரம்பலூருக்குப் பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஓர் இளவயது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேயைச் சொல்லவில்லை. மாத்திரையைச் சொன்னாள்.

டாக்டரம்மா சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"யாரு கையால குடுத்தது?"

"என் கையாலதாங்க."

"அதை எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

மகள் முகம் கண்ணுக்கு வந்து நின்றதாம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா எங்கே என்று அது கேட்பது போல. விண்ணரசி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

இனிமேல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னபோது டாக்டரம்மா தடுத்தார். இத்தனை நாள் பழகிய உடம்பு, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், அதுவும் ஆளைக் கொன்றுவிடும். கால் கால் மாத்திரையாக, வாரக் கணக்கில்தான் குறைக்க வேண்டும். ஆக, கொடுத்தது பாவமென்று தெரிந்த பிறகும் அவள் அதையே கொடுக்க வேண்டியிருந்தது... அதிகாரிகள் வந்தார்கள், லீலாவதியை நிறுத்தினார்கள், டாக்டர்கள் வாரம் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். வேறு ஆள் கிடைக்கும் வரை அவளையே இருக்கச் சொன்னதால், ஒரு மணிக்கு மாத்திரைத் தட்டோடு நடந்தது விண்ணரசிதான்.

போகும்போது லீலாவதி திட்டவில்லை. சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து, "கேட்ட மட்டும் தொறந்து போட்றாத" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனாள்.

விஷயம் தெரிந்து கலைச்செல்வன் நேரில் வந்தான். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. ஒரே கேள்வி கேட்டான்.

"அம்மா ஒங்கள நம்புச்சா?"

"நம்புச்சு தம்பி."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். போலீஸில் புகார் கொடுத்தான். கேஸ் இன்னும் நடக்கிறது. அவள் இல்லையென்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டு மாதத்தில் இல்லம் மெல்ல முழித்தது. மத்தியானத்தில் இருமல் கேட்டது. சண்டை கேட்டது. பூமாலை பேசவில்லை, ஆனால் கண்ணைத் திறந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிலருக்குத் தெளிவு வரவேயில்லை. முதல் கட்டிலில் ஒருவர் இருந்தார் என்று சொன்னேனே, விண்ணரசி மூச்சுப் பார்த்தவர்... அவர் தேவசகாயம். ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஊர்க்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் காலை எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இது எந்த வருஷம் என்று கேட்டார். சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணினார்.

பிறகு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்து, "லூர்து எங்கம்மா?" என்றார்.

லூர்து மேரி அவருடைய மனைவி. இருவரும் ஒன்றாகத்தான் இல்லத்துக்கு வந்தார்கள். அந்தம்மா செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. பத்தடி தூரத்துக் கட்டிலில்தான் செத்தது. அடக்கத்துக்கு இவரையும் காரில் கூட்டிப் போயிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மாத்திரை மயக்கத்தில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாராம். இதையெல்லாம் விண்ணரசிதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அழவில்லை. அழுதாலாவது பார்த்துத் தாங்கிக்கொள்ளலாம். அவர் சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அவர் கேட்டதன் பேரில் ஒரு சனிக்கிழமை கல்லறைக்குக் கூட்டிப் போனாள். காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், சாதாரணமாகக் கேட்டார்.

"எங்கள தெனமும் மத்தியானம் வெளிய கூட்டிட்டுப் போகுமே, அந்தம்மா இன்னைக்கு வந்திருக்கும்ல?"

எந்தம்மா என்றாள்.

"பேரு தெரியலம்மா. வயசான அம்மா. பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி ரெட்டச் சடை, செவப்பு ரிப்பன். எல்லாரும் தூங்குனப்புறம் வந்து ஒவ்வொருத்தரா எழுப்பும். கையப் புடிச்சிப் பள்ளத்துப் பக்கம் கூட்டிட்டுப் போகும். நல்ல காத்து. பூமாலை கூட நடந்து வருவான்."

கேட் பூட்டியிருக்கும் சார், சாவி என்கிட்டதான் இருக்கும், என்றாள் அவள்.

"நாங்க கேட்டு வழியாப் போனதா ஞாபகம் இல்லம்மா" என்றார் வாத்தியார். பிறகு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கனவு. மாத்திரைக் கனவு. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கிளைச் சாலையில் அவர்கள் நடந்து வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, ஐப்பசி மழை. இல்லத்துக்குள் வந்தபோது மணி இரண்டரை. அன்றைக்குப் பொறுப்பிலிருந்த பெண், கேட்டைத் திறக்கவே இல்லை, எல்லோரும் நல்ல தூக்கம் என்றாள். வாத்தியார் தன் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

விண்ணரசி கடைசிக் கட்டிலுக்குப் போனாள். பூமாலை கண்ணை மூடிக் கிடந்தார். போர்வை கழுத்து வரைக்கும் மடிப்புக் கலையாமல் இருந்தது. கால்மாட்டில் போய் நின்றாள். பிறகு போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

இரண்டு வருஷமாகத் தரையை மிதிக்காத உள்ளங்கால் இரண்டும் வெள்ளையாக இருந்தன. சுண்ணாம்புச் சேறு. விரல் இடுக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.